ஆண்ட்ரோமெடாவில் இப்போது என்ன கிழமை?

தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வந்து ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஒருவர் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி இருக்கும் திசையில் போகிறார், மற்றவர் அதற்கு நேர் எதிர்த்திசையில். ‘அங்கே இப்போது என்ன நாள்?’ என்று இருவரும் கணக்குப் போட்டால், விடைகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு வாரம் இடிக்கும். இருவர் கணக்கிலும் பிழை இருக்காது.

1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னதன் நேரடி விளைவு இது. தொலைவில் நடக்கும் எந்த நிகழ்ச்சி ‘இப்போது’ நடக்கிறது என்பது, பார்ப்பவர் எவ்வளவு வேகமாக எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடை, ஒளியின் வேகத்தில் சுமார் 27 கோடியில் ஒரு பங்குதான். ஆனால் ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. 25 லட்சம் ஆண்டுகளை 27 கோடியால் வகுத்தால் மூன்று நாளுக்குச் சற்று மேல் வரும். ஆண்ட்ரோமெடாவை நோக்கி நடப்பவரின் ‘இப்போது’ அங்கே அவ்வளவு நாள் பிந்தியது, விலகி நடப்பவரின் ‘இப்போது’ அவ்வளவு நாள் முந்தியது. ஒளி வந்து சேரும் தாமதத்தையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் வித்தியாசம் இது.

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-இல் இதற்கு ஒரு கதை கட்டினார். பூமி மீது படையெடுக்கலாமா என்று ஆண்ட்ரோமெடாவில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். தெருவில் நடக்கும் இருவரில் ஒருவரின் ‘இப்போது’வில் கூட்டம் முடியவில்லை, மற்றவரின் ‘இப்போது’வில் படை கிளம்பியாயிற்று. பக்கத்தில் நிற்பவருக்கு நடந்து முடிந்த ஒன்று, எனக்கு மட்டும் எப்படி இன்னும் முடிவாகாத எதிர்காலமாக இருக்க முடியும்? 1960-களிலேயே ரீட்டைக், ஹிலரி புட்னம் என்ற இரு சிந்தனையாளர்கள் இந்த வழியில் போய், எதிர்காலம் ஏற்கெனவே இருக்கிறது என்று முடித்தார்கள். ரயில் போய்ச் சேருவதற்கு முன்பே அடுத்த ஸ்டேஷன் இருப்பதுபோல.

இதற்கான வரைபடத்தைக் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி 1908-லேயே கொலோன் நகரச் சொற்பொழிவில் கொடுத்துவிட்டார்: வெளியும் காலமும் சேர்ந்த நான்கு பரிமாணங்கள். அந்தப் படத்தில் ‘நீங்கள் இங்கே’ என்று காட்டும் அம்புக்குறி எதுவும் இல்லை. 1971-இல் விஞ்ஞானிகள் ஹஃபேலும் கீட்டிங்கும் அணுக்கடிகாரங்களை விமானத்தில் உலகம் சுற்றவைத்தபோது, அவை தரையிலிருந்த கடிகாரங்களோடு நானோநொடிக் கணக்கில் பிசகி நின்றன. எல்லோருக்கும் பொதுவான ஒரே காலம் இல்லை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதிலிருந்து எதிர்காலம் எழுதி முடிந்துவிட்டது என்று தாவுவது எனக்கு அவசரமாகப் படுகிறது. தெருவில் நடந்த இருவரும் படை கிளம்பியதைப் பார்க்கவில்லை. காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார்கள், அவ்வளவுதான். நம்மிடமிருந்து ஒளி போய்ச் சேராத, அங்கிருந்து ஒளி வந்து சேராத காலப்பகுதி ஆண்ட்ரோமெடாவைப் பொறுத்தவரை 50 லட்சம் ஆண்டு அகலமானது. சூரியனுக்கு அது 16 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நொடியில் பத்துக் கோடியில் சில பங்கு. அந்த இடைவெளிக்குள் எந்தக் கணத்தை ‘இப்போது’ என்றாலும் எதுவும் மாறாது. எல்லோரும் எதிர்காலம் என்றே ஒப்புக்கொள்ளும் பகுதி அதற்கு அப்பால் இருக்கிறது. அதைப் பற்றி இந்த வாதம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. 1968-இல் தத்துவவாதி ஹோவர்ட் ஸ்டைன் புட்னமுக்குச் சொன்ன மறுப்பின் சாரமும் ஏறக்குறைய இதுவே.

அண்டவியலாளர் ஜார்ஜ் எல்லிஸ் இன்னொரு வழி சொல்கிறார். கதிரியக்க அணு எப்போது சிதையும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகவில்லை; ஆகவே கடந்தகாலம் நிலைத்துவிட்டது, எதிர்காலம் இன்னும் சேர்ந்துகொண்டே போகிறது என்கிறார். வளரும் அந்த விளிம்பை எங்கே வரைவது என்பதில்தான் தகராறு.

ஐன்ஸ்டைன் இதைப் பற்றி என்ன நினைத்தார்? தன் நண்பர் பெஸ்ஸோ 1955-இல் இறந்தபோது, கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பாகுபாடு வெறும் பிரமை என்ற பொருளில் அவர் அந்தக் குடும்பத்துக்கு எழுதினார். மேற்கோளாக ஊர் சுற்றும் அந்த வரி ஓர் ஆறுதல் கடிதத்தில் வருவது, இயற்பியல் ஆய்வுரையில் அல்ல. தத்துவவாதி ருடோல்ஃப் கார்னப்பிடம் பேசும்போது அவர் வேறு தொனியில் பேசியிருக்கிறார்: ‘இப்போது’ என்பதற்கு மனிதரிடம் தனி இடம் உண்டு, இயற்பியலுக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை, அது தன்னை உறுத்துகிறது என்று.