அந்தமான் டூர் பிளான் பண்றீங்களா? முதலில் கடைசி நாளை முடிவு பண்ணுங்க!

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். வழக்கமாகச் சுற்றுலாப் பயணிகள் போகும் தீவுகளுக்கு இந்தியர்கள் தனி அனுமதியும் வாங்க வேண்டியதில்லை. இறங்கின இடத்தில் தமிழ் பேசினாலும் பல கடைகளில் பதில் கிடைக்கும். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே ஊட்டி, கொடைக்கானல் போவது மாதிரி நினைத்து பலரும் பிளான் போட்டுவிடுகிறார்கள். ஊட்டியில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும். தீவில் படகு நின்றுபோனால் கடல் அடங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2016 டிசம்பரில் என்ன நடந்தது?

வர்தா புயலைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்ட அந்தப் புயல், அதற்குச் சில நாட்கள் முன்பு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக அந்தமான் பக்கம்தான் இருந்தது. படகுகள் நிறுத்தப்பட்டன. ஹேவ்லாக், நீல் ஆகிய இரண்டு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். மீட்கப் போன கடற்படைக் கப்பல்களே கடல் சீற்றம் தணியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மாதம். டிசம்பர் என்பது மழைக்காலம் இல்லை, அங்கே அதுதான் சீசன். தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் தொடும் இடங்களில் அந்தமானும் ஒன்று, மே மாதத்திலேயே வந்துவிடும். அதனால் பலரும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் போகிறார்கள். ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்கள் வங்கக்கடலில் புயல் உருவாகும் காலமும்கூட. 'சீசன்ல போறோம், ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பது தப்புக் கணக்கு.

எந்தத் தீவுக்கு முதலில் போவது?

விமானம் இறங்குவது போர்ட் பிளேரில். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் ஹேவ்லாக். தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்கு ஒரு மணி நேரம் போல. நீலிலிருந்து நேராக போர்ட் பிளேர் திரும்பலாம். ஆக மொத்தம் இது ஒரு முக்கோணம்.

பல டூர் பேக்கேஜ்களில் முதல் இரண்டு நாள் போர்ட் பிளேரைச் சுற்றிக்காட்டி, பிறகு தீவுகளுக்குக் கூட்டிப்போய், கடைசியில் படகிலிருந்து இறங்கி விமானம் ஏறுகிற மாதிரி போட்டிருப்பார்கள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரே ஒரு படகு ரத்தானால் மொத்தமும் காலி. படகு டிக்கெட் பணம் திரும்ப வந்துவிடலாம். நாலு பேர் குடும்பத்துக்குக் கடைசி நேரத்தில் வேறு விமான டிக்கெட் எடுக்கும் செலவை யார் தருவது?

அதையே திருப்பிப் போட்டால் போதும். ஐந்து ராத்திரி, ஆறு நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். காலை விமானத்தில் இறங்கி, அன்றைக்கே மதியப் படகில் ஹேவ்லாக் போய்விடலாம். அங்கே இரண்டு ராத்திரி, நீலில் ஒரு ராத்திரி. நாலாவது நாள் போர்ட் பிளேர் திரும்பி, கடைசி இரண்டு ராத்திரியும் அங்கேயே. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையும் பக்கத்தில் இருக்கும் ராஸ் தீவும் எங்கேயும் ஓடிவிடாது. நாலாவது நாள் படகு நின்றாலும் ஐந்தாவது நாள் கையில் இருக்கும்.

விமானம் தாமதமாகி முதல் நாள் படகைப் பிடிக்க முடியவில்லையா? ஹேவ்லாக்கில் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு ராத்திரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அரசுப் படகில் கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். ஆனால் அது சுற்றுலாவுக்காக ஓடுவது அல்ல. தீவு மக்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போக அதுதான் பஸ். சீசனில் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பெயரில் ஒரு குழப்பம்

2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷஹீத் தீவு என்றும், ராஸுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஹோட்டல் புக்கிங்கில் இன்னொரு பெயர் என்று வந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒரே ஊர்தான். வடக்கே திக்லிபூர் பக்கம் இன்னொரு ராஸ் தீவும் இருக்கிறது. ஸ்மித் தீவையும் அதையும் மணல் திட்டு இணைக்கும் அழகான இடம். ஆனால் போர்ட் பிளேரிலிருந்து அங்கே போகவே ஒரு நாள் ஆகிவிடும். ஆறு நாள் பயணத்தில் அதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

ஸ்கூபா டைவிங் எப்போது?

இதற்கும் கடைசி நாள் சரிப்படாது. தண்ணீருக்கு அடியில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அது வெளியேறுவதற்குள் விமானத்தில் உயரே போனால் குமிழிகளாகி மூட்டு வலி முதல் நரம்பு பாதிப்பு வரை கொண்டுபோகலாம். டைவிங் முடித்து 24 மணி நேரம் கழித்து விமானம் ஏறுவது பாதுகாப்பு. ஹேவ்லாக்கில் இரண்டாம் நாளே முடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பாராடாங் போகலாமா?

சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் உள்ள தீவு. சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடக்க வேண்டும். ஜிர்காடாங் செக்போஸ்ட்டிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளை வரிசையாக விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் சிறை வரை போகலாம். ஜாரவா மக்களைக் 'காட்டுகிறோம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பயணமே வேண்டாம்.

கிளம்பும் முன்...

சென்னையைவிட அங்கே சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே மறையும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அந்தி வந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க 'சாயங்காலமா போலாம்' என்று உட்கார்ந்திருந்தால் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ மேல், ஆனாலும் சின்னத் தீவுகளில் ஜிபே-யை மட்டும் நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். 2010-ல் ராதாநகர் அருகே ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றிருக்கிறது.

கரையில் கிடக்கும் பவளத் துண்டைக் குழந்தைகள் ஆசையாகப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். செத்த பவளமாக இருந்தாலும் எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது தெரிந்துவிடும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன்பே பிள்ளைகளின் பையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.