பதிவுத் தபால்: உங்களுக்காக ஒப்பம் வைப்பது யார்?



இந்த முறை நாங்கள் எழுதப்போவது பார்வைக்குச் சின்ன விசயம்தான். பதிவுத் தபால் வந்தால் யார் ஒப்பம் வைப்பது என்பதைப் பற்றியது. "கடுதாசி வந்து சேர்ந்தா சரிதானே, யாரு கையெழுத்து வச்சா என்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக, எங்கள் கண் முன்னே நடந்த ஒன்றை முதலில் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை.

உயர்தரப் பரீட்சை சித்தியடைந்த பிள்ளையொன்று. தாய் கொழுந்து எடுப்பவர், தகப்பன் கவ்வாத்து வெட்டுபவர். பிள்ளை ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. வந்த நாள் வெள்ளிக்கிழமை. தோட்டத்து ஒப்பீசில் ஒப்பம் வைத்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சம்பள நாள். அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. பிறகு மழை, பிறகு வேறு வேலை. கடிதம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் கொழுந்து மடுவத்தில் வைத்துத் தாயின் கையில் கிடைத்தபோது 11 நாள் கடந்திருந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்து 2 நாள்.

தகப்பன் தபாலகத்துக்கு ஓடினார். தபாலதிபர் தாளைப் புரட்டிக் காட்டினார். "இந்தா பாருங்க, வெள்ளிக்கிழமையே குடுத்தாச்சு. ஒப்பம் இருக்கு." ஒப்பீசில் கேட்டால், "நாங்க டிவிசனுக்குக் குடுத்து விட்டோமே" என்றார்கள். டிவிசனில் கேட்டால், "எங்க கைக்கு இன்னைக்குத்தான் வந்திச்சு" என்றார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் கல்லூரிக்கே போனோம். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால், "உரிய நாளில் கடிதம் கிடைத்ததற்கு ஒப்பம் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போய்விட்டது.

ஒப்பம் எதற்கு?

சாதாரண கடிதம் வந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி கிடையாது. பதிவுத் தபால் அப்படியல்ல. அனுப்புகிறவர் கூடுதல் கட்டணம் கட்டுகிறார். தபாலகத்தில் அந்தக் கடிதத்துக்கு ஓர் இலக்கம் போட்டு, அனுப்பியவர் கையில் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்கள். அந்த இலக்கத்தை வைத்துக் கடிதம் கைமாறும் இடங்களில் பதிகிறார்கள். கடைசியில் பெறுகிறவரிடம் ஒப்பம் வாங்குகிறார்கள். "கடிதம் போய்ச் சேர்ந்தது" என்று அனுப்பியவர் காட்டக்கூடிய சாட்சி அந்த ஒப்பம்தான்.

ஆகவே, உங்களுக்கு வந்த கடிதத்துக்கு வேறு ஒருவர் ஒப்பம் வைத்தால், வெளியார் கண்ணுக்கு அது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றுதான் படும். லாச்சிக்குள் கிடக்கும் நாட்களையும் உங்கள் நாட்களாகத்தான் எண்ணுவார்கள்.

நம் வீடுகளுக்குப் பதிவுத் தபாலில் என்னென்ன வருகிறது? நேர்முகப் பரீட்சைக் கடிதம், நியமனக் கடிதம், அடையாள அட்டை, அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகுமுன் வரும் அறிவித்தல், கடன் பாக்கிக் கடிதம், வழக்கறிஞரின் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை. பெரும்பாலும் இவற்றில் ஒரு தவணை குறித்திருக்கும். தவணை போனால் நகை போகும், வேலை போகும், சில நேரம் காணியும் போகும்.

அழைப்பாணை விசயத்தில் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நம் நாட்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 59ஆம் பிரிவின்படி, சிவில் வழக்கு அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபால் மூலமே அனுப்பப்படும். கடிதம் கொடுக்கப்பட்டதாகத் தபால் பகுதி தரும் அறிவிப்பே போதிய சாட்சி என்றும், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது சரியென்றே கொள்ளப்படும் என்றும் 61ஆம் பிரிவு சொல்கிறது. "எனக்குக் கிடைக்கல்ல" என்று சொன்னால் மட்டும் போதாது. கிடைக்கவில்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று. வங்கிக் கடிதம் என்று தெரிந்ததும், "வேணாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். கடிதத்தை வாங்காமல் விட்டால் கடன் நின்றுவிடாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கரைச்சல்?

பட்டணத்தில் வீட்டுக்கு இலக்கம் உண்டு, வீதிக்குப் பெயர் உண்டு. தபால்காரர் வாசலுக்கே வந்து கொடுப்பார். நம் லயங்களுக்கு வெகுகாலமாகத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே விலாசம். தபாலகத்திலிருந்து தோட்டத்து ஆள் ஒருவர் தபாலை எடுத்து வருவார். ஒப்பீசில் பிரிப்பார்கள். பிறகு டிவிசனுக்குப் போகும், மடுவத்துக்குப் போகும், பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். ஒரு கடிதம் நான்கு கை மாறித்தான் உங்கள் கைக்கு வருகிறது. ஒப்பம் இருப்பது முதல் கையில் மட்டும்தான்.

ஒப்பீஸ்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டோம். ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தில் நான்கு பேர் இருக்கும் தோட்டத்தில், "எந்த மாரியாயி?" என்று தேடுவது லேசான வேலையா?

ஒரு கடதாசியின் பெறுமதி என்னவென்று நம் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போனவர்கள் நாம். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவா இலங்கையா என்று தவித்து, ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் வழி செய்தது. இவ்வளவு கஷ்டத்தில் வந்த உரிமையை ஒரு லாச்சிக்குள் தொலைக்கலாமா?

இன்னொருவர் ஒப்பம் வைப்பதே தப்பா?

தப்பில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவிய நேரம் பிரித்தானியாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே ரோயல் மெயில் தபால்காரர்கள், ஒப்பம் வாங்கும் கருவியை வீட்டாரின் கையில் கொடுப்பதை நிறுத்தினார்கள். தொட்டால் நோய் தொற்றும் என்ற பயம். வாசலில் தபாலை வைத்துக் கதவைத் தட்டி, வீட்டுக்காரர் வந்து எடுத்த பிறகு, அவர் பெயரைக் கேட்டுத் தபால்காரரே பதிந்துகொண்டார். ஒப்பத்துக்குப் பதிலாகப் பெயர்தான், அதை எழுதியதும் வேறு ஆள்தான். ஆனால் கடிதம் உரியவர் கைக்குப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதினார்.

நம் கதையில் ஒப்பம் முதலில் விழுந்தது, கடிதம் 11 நாள் கழித்து வந்தது. வித்தியாசம் இவ்வளவுதான். ஒப்பம் வைத்தவர் யார் என்பதைவிட, ஒப்பத்துக்கும் உங்கள் கைக்கும் இடையில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

1. விலாசத்தை முழுதாக எழுதுங்கள். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், தோட்டம், தபாலகம். எந்த விண்ணப்பத்திலும் விலாசத்தோடு கைத்தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். புதிய கிராமங்களில் 7 பேர்ச் காணியில் குடியேறியவர்கள் வீட்டு இலக்கத்தையும் கிராமத்தின் பெயரையும் எழுதுங்கள். பழைய லயத்து விலாசத்தையே இன்னும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

2. முக்கியமான கடிதத்தை எதிர்பார்த்தால், தபாலகத்துக்கு நேரே போய்த் தபாலதிபரிடம் சொல்லி வையுங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். நீங்கள் போக முடியாவிட்டால், யாரிடம் கொடுக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஆள் நீங்கள் நம்பும் ஆளாக இருக்கட்டும்.

3. அடுத்த வீட்டுக்காரருக்காக ஒப்பம் வைக்க நேர்ந்தால், அவர் பெயரைப் போட்டு அவர் போல ஒப்பம் வைக்காதீர்கள். உங்கள் பெயரை எழுதி, "இன்னாருக்காக" என்று குறித்து, திகதியும் போடுங்கள். உதவி செய்யப்போய் உபத்திரவத்தில் மாட்டக்கூடாது. அன்று மாலைக்குள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

4. கடிதத்தைக் கண்ணால் காணாமல் ஒப்பம் வைக்காதீர்கள். "பொறவு தாறன், இப்ப ஒப்பத்த வையுங்க" என்றால், "கடுதாசி வரட்டும், அப்ப வைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெருவிரல் அடையாளம் வைப்பவர்கள், எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கடிதவுறையை வீசாதீர்கள். தபால் முத்திரைத் திகதி உறையில்தான் இருக்கிறது. உங்கள் கைக்கு வந்த நாளை உறையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கொண்டுவந்தவரிடம் அதிலேயே ஒரு ஒப்பம் வாங்கினால் இன்னும் நல்லது. கடிதம் பிந்தி வந்தது என்று காட்ட இது உதவும்.

6. கடிதம் பிந்தியிருந்தால் சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே அனுப்பிய இடத்துக்கு எழுதுங்கள், உறையின் பிரதியையும் சேருங்கள். வராமலே போனால், அனுப்பியவரிடம் பற்றுச்சீட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தபாலகத்தில் யார் ஒப்பம் வைத்தார், எந்த நாள் என்று விசாரியுங்கள். தபாலதிபருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பலன் இல்லாவிட்டால் தபால் அத்தியட்சகருக்கு எழுதலாம்.

7. நீங்கள் சேமலாப நிதிக்கோ வேறு காரியாலயத்துக்கோ முக்கியமான பத்திரம் அனுப்பும்போதும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு கொப்பி செய்த வேலை

அந்தப் பிள்ளையின் கதைக்குப் பிறகு, தோட்டத்துத் துரையோடும் பெரிய கிளாக்கரோடும் தலைவர்மாரோடும் உட்கார்ந்து பேசினோம். பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. ஒரு கொப்பியை வாங்கிக் கோடு போட்டோம். பதிவு இலக்கம், யாருக்கு, ஒப்பீசுக்கு வந்த நாள், கொடுத்த ஆள், வாங்கியவரின் ஒப்பம், வாங்கிய நாள். இவ்வளவுதான். வந்த அன்றே தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்றும், யாருடையது என்று தெரியாத கடிதத்தின் பெயரை மறுநாள் காலைப் பிரட்டில் வாசிப்பது என்றும் முடிவானது.

முதல் மாதம் கிளாக்கர் சலித்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார், "ஐயா, இப்பத்தான் எனக்கு நிம்மதி. யாரு வந்து கேட்டாலும் கொப்பியக் காட்டிரலாம்." அந்தக் கொப்பி தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பம் வைக்கிறவருக்கும் பாதுகாப்புத்தான்.

உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கொப்பி இருக்கிறதா? இல்லையென்றால் தலைவரிடம் கேளுங்கள், எங்களிடம் வாருங்கள். கோடு போட்டுத் தர நாங்கள் இருக்கிறோம்.

அந்தப் பிள்ளை மறு வருசமும் விண்ணப்பம் போட்டது. இந்த முறை விலாசத்தில் லயமும் காம்பராவும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. கடிதம் வந்த அன்று மாலையே ஒப்பீசுக்கு வந்து, தன் கையாலேயே கொப்பியில் ஒப்பம் வைத்து வாங்கிப் போனது.