பையில் கட்டிய பச்சைத் துணி... சட்டத்தை மாற்றிய கதை!

பள்ளிப் பையின் வாரில் ஒரு பச்சைத் துணி. பஸ்ஸில் நிற்கும் பெண்ணின் மணிக்கட்டில் இன்னொன்று. 2018-ல் அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் எங்கு திரும்பினாலும் இந்த முக்கோணத் துணிதான். 'சட்டபூர்வமான, பாதுகாப்பான, இலவசக் கருக்கலைப்பு' என்பதே அதில் அச்சிட்டிருந்த கோரிக்கை.

அந்த நாட்டின் 1921-ம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவையும், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான கருவையும் மட்டுமே கலைக்கலாம். மற்றதெல்லாம் குற்றம். வசதியானவர்கள் ரகசியமாக டாக்டரைத் தேடிப் போனார்கள். ஏழைப் பெண்கள் ஆபத்தான வழிகளில் உயிரைப் பணயம் வைத்தார்கள். அதைப் பற்றி வீட்டிலும் பேச்சில்லை, வெளியிலும் பேச்சில்லை.

அந்த மௌனத்தை உடைக்கப் பெண்கள் கையில் எடுத்தது, நாடே அறிந்த ஓர் அடையாளத்தை. 1977-ல், ராணுவ ஆட்சி பிடித்துச் சென்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, மாயோ சதுக்கத்தில் அம்மாக்கள் கூடினார்கள். அவர்கள் தலையில் கட்டிய வெள்ளைத் துணி, குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் துணிதான். அதே வடிவம் 2003-ல் ரொசாரியோ நகரில் நடந்த பெண்கள் மாநாட்டில் பச்சை நிறத்தில் வந்தது. 2005-ல் தேசிய இயக்கம் பிறந்தது.

கருக்கலைப்பை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. முடிவெடுக்கப் பாலியல் கல்வி, கருக்கலைப்பே தேவைப்படாமல் இருக்கக் கருத்தடை வசதி, சாகாமல் இருக்கச் சட்டபூர்வக் கருக்கலைப்பு என மூன்றையும் சேர்த்தே கேட்டார்கள். மசோதா காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தாக்கல் செய்தார்கள். ஏழாவது முறை, 2018-ல்தான் அது விவாதத்துக்கே வந்தது.

கீழவையில் 129-க்கு 125 என்று வெற்றி. ஆகஸ்ட் மாதக் குளிரில், மழையில் நனைந்தபடி செனட் முடிவுக்காக விடிய விடியக் காத்திருந்தார்கள். 38-க்கு 31 என்று தோல்வி! வெளிர்நீலத் துணி அணிந்த எதிர்த்தரப்பு கொண்டாடியது.

ஆனால், பச்சைத் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. 2020 டிசம்பர் 30 அதிகாலை, அதே செனட்டில் 38-க்கு 29. கர்ப்பத்தின் 14 வாரங்கள் வரை கருக்கலைப்பு சட்டபூர்வமானது.

2022-ல் கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 24 வாரங்கள் வரை அனுமதித்தபோது, வாசலில் காத்திருந்த பெண்கள் கையிலும் அதே பச்சைத் துணி. ஓட்டு போட்டது செனட்டர்கள்தான். ஆனால், பக்கத்து சீட்டில் இருப்பவளும் தன்னைப் போலவே நினைக்கிறாள் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் சொன்னது, அந்தத் துணிதான்!