அரிசிப் பானைக்குள் ஒரு செல்போன்!

2015, டிசம்பர் 1 ராத்திரி. அடையாறு ஆற்றங்கரைப் பக்கம், தரைத்தளத்தில் வாடகை வீடு எனக்கு. "தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு சார்!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்தார். அம்மாவை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். டி.வி., கம்ப்யூட்டர், மேஜை டிராயரில் கிடந்த அப்பாவின் பழைய பட்டன் செல்போன்... எல்லாம் கீழே நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் வடிந்தது. கரன்ட் வந்தது. கூடவே என் அவசர புத்தியும் வந்தது. டி.வி-யைத் துடைத்து, ஒரே ஒரு நாள் வெயிலில் காட்டி, சுவிட்சைப் போட்டேன். 'டப்!' லேசாகப் புகை. கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை.

மிச்சம் செல்போன்தான். அப்பா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் குரல் இருந்தது அந்த போனில் மட்டும்தான். எதையோ அழுத்தப் போய் தானாகப் பதிவான அரை நிமிஷம். அதன் பேட்டரி உப்பிப்போனதால் கழற்றிப் போட்டிருந்தோம். 'புதுசு வாங்கிட்டு வாடா' என்று அம்மா ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் 'நாளைக்கு' என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அரிசியில போட்டு வைடா... ஈரத்தை இழுத்துடும்" என்றார் மாமா. நிவாரணத்தில் வந்த அரிசிக்குள் போனைப் புதைத்தேன். இரண்டு நாள் கழித்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் திறந்து பார்த்தார். உள்ளே அரிசித் தவிடு!

"என்ன சார்... பொங்கல் வைக்கப் போறீங்களா?"

அப்புறம் பாடம் நடத்தினார். "தண்ணி தனியா போர்டைக் கொல்லாது சார். தண்ணி, அதுல இருக்கிற உப்பு, கூட கரன்ட்டு... மூணும் சேர்ந்தாத்தான் கொலை!"

விஷயம் இதுதான். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. சாக்கடை கலந்த வெள்ளத்தில் உப்பு ஏராளம். ஈர போர்டில் கரன்ட் ஓடினால், ஒரு பாதையிலுள்ள செம்பு கரைந்து, பக்கத்துப் பாதையில் போய்ப் படிந்து, அங்கிருந்து முதல் பாதையை நோக்கி வேர் மாதிரி வளரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட்! தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மறுபடி வேலையைக் காட்டும். அரிசியால் உப்பை எடுக்க முடியுமா? 2024-ல் ஆப்பிள் கம்பெனியே 'நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள்' என்று சொல்லிவிட்டது.

மெக்கானிக் போர்டைக் கழற்றி, முதலில் டிஸ்டில்டு வாட்டரில் அலசினார். (ஆமாம், தண்ணீரேதான்!) அது உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தார். அது மிச்சத் தண்ணீரை விரட்டிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். நன்றாகக் காயவைத்து, மீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேட்டரி.

"பேட்டரி இல்லாம நனைஞ்சதால பொழைச்சுது சார்" என்றார். அவசரம் டி.வி-யைக் கொன்றது. சோம்பேறித்தனம் செல்போனைக் காப்பாற்றியது!

அவர் சொன்னதில் நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு உதவுபவை:

* போன் நனைந்தால் முதலில் ஆஃப் செய்யுங்கள். 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று ஆன் செய்யவோ, சார்ஜ் போடவோ வேண்டாம்.

* டி.வி., யு.பி.எஸ். நனைந்தால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் காத்திருக்கும்.

* புது ஷூ டப்பாவில் வரும் 'தின்னாதே' பொட்டலம் சிலிக்கா ஜெல். கேமரா, ஹார்ட் டிஸ்க்கோடு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். திறந்த அலமாரியில் வைத்தால் ஊர் ஈரத்தையெல்லாம் இழுத்துக் களைத்துவிடும்.

* கடலோரத்தில் வீடா? ஏ.சி. வெளியூனிட் போர்டுக்கு 'கன்ஃபார்மல் கோட்டிங்' உண்டா என்று கேளுங்கள். அக்ரிலிக் அல்லது சிலிக்கோனில் மெல்லிய பூச்சு. போர்டுக்கு ரெயின்கோட் மாதிரி! ஆனால், சுத்தம் செய்து காய்ந்த பிறகே பூச வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். பிளக் சொருகும் இடங்களில் பூசக் கூடாது.

வீட்டுக்கு வந்து அம்மா கையில் போனைக் கொடுத்தேன். பட்டனை அழுத்தினாள். கொஞ்சம் கரகரப்பு... அப்புறம் அப்பா.

"டேய், இதை எப்படிடா ஆஃப் பண்றது?"

அம்மா சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அன்றைக்கு ராத்திரியே அந்தக் குரலை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை 'நாளைக்கு' என்று சொல்லவில்லை!