தலைக்கவசமும் தஹாரத்தும்

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவரது மகன் என்னிடம் படிப்பவன். பாடசாலைக் கிரிக்கெட் குழுவில் ஆடுபவன். "மௌலவி, மகன்ட தலையில வட்டமா முடி கொட்டுது. அடுத்த வூட்டுப் புள்ளைகளோட சேர்ந்துதான் இது வந்திருக்கு. நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார்.

மாணவனை அழைத்து விசாரித்தேன். பதினொரு பேருக்கும் இருப்பது இரண்டே ஹெல்மட். ஒருவன் ஆட்டமிழந்து வந்ததும் வியர்வை சொட்டச் சொட்டக் கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் ஒரே பைக்குள் போகும். பையை அடுத்த பயிற்சி நாளில்தான் திறப்பார்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, இது தலைப்படை, பங்கஸினால் வருவது, சீப்பு, தொப்பி, ஹெல்மட் போன்றவற்றாலும் பரவும் என்றார். குழுவில் இன்னும் இருவருக்கும் அது இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஒன்றுமில்லை. அந்தத் தாய் வெட்கப்பட்டு, அவர்களின் உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

வியர்வை நஜீஸா?

மனிதனின் வியர்வை நஜீஸ் அல்ல. வியர்வை பட்ட உடுப்போடு தொழுதால் தொழுகை கூடும். ஆனால் 'நஜீஸ் இல்லைதானே' என்று விட்டுவிடுவது மார்க்கம் காட்டிய வழியல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தூரப் பகுதிகளிலிருந்து மக்கள் புழுதியும் வியர்வையுமாக ஜும்ஆவுக்கு வருவார்கள். அவர்களுள் ஒருவரைக் கண்ட நபியவர்கள், இந்த நாளுக்காகச் சுத்தம் செய்துகொண்டால் நல்லதே என்று மென்மையாகச் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கடிந்து பேசவில்லை, வழியைக் காட்டினார்கள். நாமும் பிள்ளைகளை ஏசாமல் பழக்கிக் கொடுப்போம்.

இன்னொரு விடயமும் உண்டு. நாற்றமும் அரிப்பும் தாங்காமல் பிள்ளைகள் ஹெல்மட்டையே போடாமல் விடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவதாகும்.

கழுவும் முறை

கிரிக்கெட் ஹெல்மட்டாயினும் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டாயினும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

உள்ளே உள்ள துணிப் பஞ்சு கழற்றக் கூடியதாயின் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சிறிது கலந்து ஊற வையுங்கள். கையால் அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கழற்ற முடியாவிட்டால் நனைத்த துணியால் பலமுறை துடையுங்கள். நாடியில் பூட்டும் பட்டியை மறக்க வேண்டாம். அதிக அழுக்கு அங்கேதான். பின்னர் காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர விடுங்கள்.

பெற்றோல், தின்னர், பிளீச் எதுவும் ஆகாது. கொதிநீரும் அடுப்புச் சூடும் ஆகாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டின் உள்ளே அடியைத் தாங்குவது ரெஜிபோம் போன்ற ஒரு படை. அது உருகிக் கெட்டால் வெளியே தெரியாது; விபத்தின்போதுதான் தெரியும்.

சிலர் அத்தர் தெளிப்பார்கள். அத்தர் வாடையை மறைக்கும், அழுக்கைப் போக்காது. அதைவிட, உலர்ந்த பையினுள் அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு வைத்துத் தட்டி விடுங்கள்.

கையுறை, பேட் ஆகியவற்றை ஊற வைக்காமல் ஈரத் துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். உள்ளே அணியும் பருத்திக் கையுறையை ஒவ்வொரு நாளும் கழுவலாம். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து வைக்கும் பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும்.

பலர் பாவிக்கும் பொருட்கள்

பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது மார்க்கத்தின் பெரிய அடிப்படை. தலையில் படையோ பேனோ உள்ள பிள்ளை, குணமாகும்வரை பொது ஹெல்மட்டைப் பாவிக்கக் கூடாது. தலைப்படைக்கு மேல்பூச்சு மட்டும் போதாது. சில வாரங்கள் உட்கொள்ளும் மருந்து தேவை. எனவே வைத்தியரிடம் காட்டுங்கள். பேன், தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளுக்கு மேல் உயிர் வாழாது. ஆகவே அந்த ஹெல்மட்டைத் துடைத்து இரண்டு நாள் எடுத்து வைத்தால் போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மெல்லிய பருத்தித் துணியில் ஹெல்மட்டுக்குள் அணிய ஒரு தொப்பி தைத்துக் கொடுங்கள். பழைய வெள்ளைச் சாரமே போதும். தடித்த துணி வேண்டாம். ஹெல்மட் இறுக்கமாக நிற்காது. உள்ளே அணியும் இடுப்புக் காப்பை மட்டும் ஒருபோதும் இரவல் வாங்க விடாதீர்கள். அது ஒவ்வொருவருக்கும் தனியாகவே இருக்க வேண்டும்.

சகோதரிகளின் கவனத்திற்கு

கணவரோடு மோட்டார் சைக்கிளில் செல்லும் சகோதரிகள், குளித்த ஈரத் தலையில் பர்தாவையும் அதன் மேல் ஹெல்மட்டையும் அணிகிறார்கள். முடி நாறுவதற்கும் பொடுகு கூடுவதற்கும் இதுவும் காரணமாகிறது. தலையை உலர்த்திய பின் அணியுங்கள். உள் ஸ்கார்ப் பருத்தியாக இருக்கட்டும். அதை நாள்தோறும் மாற்றுங்கள்.

அந்தக் குழுவில் இப்போது பயிற்சி முடிந்ததும் ஹெல்மட்டைத் துடைப்பது மாணவர்களின் முறைவேலை. அந்த மாணவனின் முடியும் முளைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல அல்லாஹ் எம்மையும் எமது பிள்ளைகளையும் தூய்மையைப் பேணுவோராகவும், பிறருக்குத் தொல்லை தராதோராகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.