எல்லாத் தலையும் ஆடும்போது

வகுப்பில் டீச்சர் கணக்கைச் செய்து காட்டிவிட்டு, "விளங்கிச்சா?" என்று கேட்கிறார். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கம்பக்கம் பார்க்கிறாய். எல்லாத் தலையும் ஆடுகிறது. உன் தலையும் ஆடிவிடுகிறது!

ஏன் ஆடியது? இப்படிக் கேட்கத் தோன்றினால், கண்ணு, நீ பாதி விஞ்ஞானி ஆகிவிட்டாய். வா, மீதியையும் பார்ப்போம்.

சொலமன் ஆஷ் என்று ஓர் உளவியல் அறிஞர். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1951இல் அவர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். அந்த ஒற்றைக் கோட்டின் அளவு இந்த மூன்றில் எதற்கு இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. உன் குட்டித் தங்கச்சியே சொல்லிவிடுவாள்.

ஆனால் அதில் ஒரு தந்திரம் இருந்தது. அறையில் இருந்த மாணவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஆஷின் ஆட்கள். பிழையான கோட்டைச் சொல்லும்படி முன்பே பேசி வைத்திருந்தார். அந்த ஒருவருக்கு இது தெரியாது. அவருடைய முறையும் கடைசிப் பக்கமாகத்தான் வரும். 18 தடவை கேட்டார்கள். 12 தடவை கூட்டம் முழுவதும் ஒரே பிழையைச் சொன்னது.

என்ன ஆயிற்று தெரியுமா? நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழை சொன்னார்கள். கூட்டம் இல்லாமல் தனியே கேட்டால் பிழையே அபூர்வம்! நான்கில் ஒருவர் மட்டும் கடைசிவரை அசையவில்லை.

விளங்குகிறதா? (தலையாட்டாதே. விளங்காவிட்டால் திரும்ப வாசி.)

பிறகு ஆஷ் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். "இத்தனை பேர் சொன்னால் என் கண்ணில்தான் கோளாறு" என்று நினைத்தவர்கள் சிலர். சரியான விடை தெரிந்தும், தனியாகத் தெரிய வெட்கப்பட்டவர்கள் சிலர். முதல் வகையினரை முட்டாள்கள் என்று நினைக்காதே. தேயிலைக் கொழுந்து எடுக்கப் புதிதாக வருகிறவர், பழகிய அக்காவின் கையைப் பார்த்துத்தானே இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப் பழகுகிறார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். ஆஷ் தம் ஆட்களில் ஒருவரை மட்டும் உண்மையைச் சொல்ல வைத்தார். ஒரே ஒருவர்! பிழைகள் கால்வாசியாகக் குறைந்துவிட்டன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஒருவர் கூட்டத்திலிருந்து மாறி வேறொரு பிழையைச் சொன்னாலும் பிழைகள் குறைந்தன. ஒருவர் மாறிப் பேசினாலே மற்றவருக்கு வாய் திறக்கத் தைரியம் வருகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இலங்கை மலையகத்தில் இருக்கும் நம்ம ஹட்டன்தான் நினைவுக்கு வரும். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு சங்கத்தை இங்கேதான் தொடங்கினார். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அதனால் துணி வியாபாரி போல வேடம் போட்டு உள்ளே போனார் என்பார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே பாடினார்.

தோட்டத்துத் துரையும், வேலை வாங்கும் கங்காணியும் நிற்கும் இடத்தில் ஒருவர் வாய் திறப்பது லேசா? ஆஷின் அறையில் வெட்கம் மட்டும்தான். அன்றைய தோட்டத்தில் வேலை போனால், குடியிருந்த லயத்து அறையும் போய்விடும். தொழிலாளரின் மௌனத்துக்கு நியாயமான பயமும் காரணம். ஆனால் மனசுக்குள் வைத்திருந்ததை ஒருவர் எல்லோருக்கும் கேட்கப் பாடினால்? "எனக்கு மட்டும்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேனே!" என்று பக்கத்து லயத்துக்காரரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், இல்லையா? இதை யாரும் ஆஷைப் போல அளந்து பார்க்கவில்லை. நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

இனி உன் முறை. 1932இல் ஆர்தர் ஜென்னஸ் என்பவர் போத்தலில் அவரை விதை நிரப்பிச் செய்த சோதனை இது. நீ கடலையை நிரப்பு. எத்தனை இருக்கும் என்று கூட்டாளிகள் ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் தாளில் எழுதட்டும். பிறகு எல்லோரும் கூடிப் பேசி ஓர் எண்ணுக்கு வரட்டும். மறுபடியும் தனித்தனியே எழுதட்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார். யாருடைய எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணி முடிக்கும்வரை கடலையில் கை வைக்கக் கூடாது!