பிரதிநிதியை அனுப்புவோர் யார்?

கூட்டமாக வாழும் மக்கள் தம் குறையை மேலிடத்தில் எடுத்துரைக்க ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது நம் அனைவர்க்கும் பழகிய காரியமே. கோடையில் குழாயில் தண்ணீர் வராதபோது, ஜனக்புரிவாசிகளாகிய நாம் ஜல் போர்டு அலுவலகத்துக்கு யாரை அனுப்பலாம் என்று கூடி யோசிக்கிறோம். இந்தி சரளமாகப் பேசுபவரை அனுப்பலாம் என்பார் ஒருவர். அதிகாரியிடம் அறிமுகமுள்ளவரை அனுப்பலாம் என்பார் மற்றொருவர். மூன்றாம் மாடிக்கு வாளியில் நீர் சுமந்து ஏறும் இல்லத்தரசியை அனுப்பலாம் என்று கூறுவோர் அரிது. ஆயினும் அக்குறையை முற்றும் அறிந்தவர் அவரேயன்றோ?

இதே கேள்வி உலக அளவிலும் எழுந்திருக்கிறது. எச்.ஐ.வி. கிருமியைப் பற்றிய கொள்கைகளை வகுக்கும் சர்வதேசக் கூட்டங்களில், அரசாங்கங்களின் தூதர்களோடு பொதுமக்கள் ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்?

தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் இந்த விஷயம் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் சென்னையிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டபோது அவ்வுண்மை வெளிப்பட்டது. கிருமியுடன் வாழ்வோர் தமக்கென ஒன்றுகூடி அமைத்த ஐ.என்.பி. பிளஸ் என்னும் அகில இந்தியக் கூட்டமைப்பு 1997இல் தோன்றியதும் சென்னையிலேயே. அடுத்த ஆண்டில், கிருமியுடன் வாழும் பெண்களுக்காக பி. கௌசல்யா முதலியோர் தனி அமைப்பொன்றை அங்கேயே நிறுவினர். பெயரைச் சொன்னால் வீடும் வேலையும் போகும் என்றிருந்த காலத்தில், தம் நிலையை ஊரறிய உரைத்தவர் கௌசல்யா. ஆகவே தமிழருக்கு இது அயலார் விஷயம் அன்று.

நிற்க. பாதிக்கப்பட்டோரே தமக்காகப் பேசவேண்டும் என்னும் கொள்கை ஒரு நாளில் பிறந்ததன்று. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், தம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் ஒவ்வொரு மட்டத்திலும் தமக்கு இடம் வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். 1994 டிசம்பர் 1ஆம் தேதி பாரிஸ் மாநகரில் கூடிய 42 நாடுகளின் அரசாங்கங்கள் அக்கொள்கையை ஏற்றுக் கையொப்பமிட்டன. அவற்றுள் நம் பாரதமும் ஒன்று.

1996இல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் எய்ட்ஸ் திட்டமாகிய யு.என்.எய்ட்ஸ் பணியைத் தொடங்கியபோது, அதன் நிர்வாக சபையில் 22 நாடுகளின் அரசாங்கங்களோடு ஐந்து பொதுமக்கள் ஸ்தாபனங்களுக்கும் ஆசனம் அளிக்கப்பட்டது. ஐக்கிய நாட்டுத் திட்டமொன்றின் நிர்வாக சபையில் இத்தகைய இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆசியா பசிபிக் உள்ளிட்ட ஐந்து பிரதேசங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதியும் ஒரு மாற்றுப் பிரதிநிதியும் உண்டு. ஆனால் இவர்கள் பேசலாம்; வாக்களிக்க இயலாது. ரயில்வேயில் கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் பயணிகளின் ஆலோசனைக் குழுக்கள் உள்ளன. அங்கும் அங்கத்தினர் யோசனை கூறலாம், முடிவு இலாகாவினுடையது. அது போன்ற நிலையே இதுவும். 2002இல் தோன்றிய குளோபல் ஃபண்ட் என்னும் உலக நிதியம் ஒரு படி மேலே சென்றது. எய்ட்ஸ், காசம், மலேரியா ஆகிய மூன்று நோய்களால் பாதிக்கப்பட்டோரின் பிரதிநிதி, தொடக்கத்தில் வாக்கின்றி அமர்ந்திருந்தாலும், பின்னர் முழு வாக்குரிமை பெற்றார்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். யு.என்.எய்ட்ஸ் சபையில் காலியிடம் நேரும்போது விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. விண்ணப்பதாரர் தம்மை அறிந்த பிறருடைய பரிந்துரையையும் இணைக்கவேண்டும். பதவியிலிருக்கும் பிரதிநிதிகளே அவற்றைப் பரிசீலித்து, நேர்முகம் கண்டு, தகுதியானவரைத் தேர்ந்து சபையின் ஒப்புதலுக்கு அனுப்புகின்றனர். அரசாங்கம் தன் மனத்துக்கு இசைந்தவரை நியமிக்க இதில் வழியில்லை என்பது பெரும் நன்மையே. ஆனால் திண்டுக்கல்லிலோ இம்பாலிலோ மாதந்தோறும் மருந்து வாங்க வரிசையில் நிற்பவருக்கு இத்தேர்வில் பங்கில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்படியாயின் பொதுத் தேர்தல் நடத்தலாகாதா? இங்கேதான் இவ்விஷயத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது. தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியல் வேண்டும். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் பெயர்களைப் பட்டியலிட்டு ஒட்டுவது எங்ஙனம்? ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று, 2018 செப்டம்பர் 10ஆம் தேதி முதல் அமலில் இருக்கும் நம் நாட்டுச் சட்டமே கூறுகிறது. பெயரை மறைத்து வாழ்வதே பலருக்குப் பாதுகாப்பு. எனவே பட்டியல் தயாரிக்க இயலாத தொகுதி ஒன்றிருக்குமானால், அது இதுவே. தொகுதி கண்ணுக்குப் புலனாகாமையால், அதன் பெயரால் யார் வேண்டுமாயினும் பேசிவிடக்கூடிய அபாயமும் உண்டு. ஆங்கிலப் புலமை, வெளிநாட்டு அனுபவம், பணம் தரும் ஸ்தாபனத்தின் நட்பு ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால், அவரே திரும்பத் திரும்ப விமானம் ஏறுவது இயல்பாகிவிடுகிறது.

வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் அதற்கு ஈடாக நிற்கக் கூடியது கணக்குச் சொல்லும் கடமை ஒன்றே. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலை முறையை விவரிக்கிறது. அங்கும் வாக்கெடுப்பு இல்லை. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால் குடத்தில் எவர் பெயரை இடலாம் என்பதில் கண்டிப்பு மிகுதி. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் பணியாற்றியவர் பெயரை இடலாகாது. முன்பு பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பது அம்முறையின் பெருங்குறை. அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ‘கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை இடமில்லை’ என்னும் நியாயம் இன்றைக்கும் பொருந்துவதே.

உலக நிதியமும் தன் நிபந்தனைகளில் இவ்வழியை ஓரளவு தழுவியிருக்கிறது. நிதி கோரும் நாடு ஒவ்வொன்றிலும் ஓர் ஒருங்கிணைப்புக் குழு அமைக்கப்படுகிறது. அரசு சாராத அங்கத்தினரை அவரவர் பிரிவினரே தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும், தேர்ந்த முறை எழுத்தில் பதிவாகி யாவரும் காண இருக்கவேண்டும் என்றும், பாதிக்கப்பட்டோர் அதில் இடம்பெற வேண்டும் என்றும், தம் சுயலாபத்தைத் தொடும் விஷயங்களில் அங்கத்தினர் எவ்வாறு விலகி நிற்பது என்பதற்கு விதி வேண்டும் என்றும் அது கூறுகிறது.

முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் வாசற்கதவு அடைபடுவதுண்டு. கிருமியுடன் வாழும் அயல்நாட்டார் தன் எல்லைக்குள் வரலாகாது என்று அமெரிக்கா 1987இல் தடை விதித்தது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டைப் பல ஸ்தாபனங்கள் இதனால் பகிஷ்கரித்தன. 1992இல் பாஸ்டனில் கூடவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2010 ஜனவரியில் தடை நீங்கிய பின்னரே, 2012இல் வாஷிங்டனில் மாநாடு கூட முடிந்தது. 2016இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை எய்ட்ஸ் பற்றிக் கூட்டிய உயர்மட்டக் கூட்டத்திலோ, 51 இஸ்லாமிய நாடுகளின் சார்பில் எகிப்து எழுதிய கடிதத்தினால், ஓரினச் சேர்க்கையாளர், திருநங்கையர் முதலியோரின் 11 ஸ்தாபனங்கள் விலக்கப்பட்டன. காரணம் கூறாமலே ஓர் அரசாங்கம் ஆட்சேபிக்கலாம் என்றிருக்கும் வரை, மக்களின் தேர்வு முழுமை பெற்றதாகாது.

இவையெல்லாம் எங்கோ ஜெனிவாவில் நடக்கும் சம்பிரதாயங்கள் என்று எண்ணிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்துக் கிருமியுடன் வாழ்வோர் நம் தில்லியிலேயே, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் மறியலில் அமர்ந்தனர். ஒரு மாதத்துக்கு மேலாக அது நீடித்தது. இம்மருந்தை ஒரு நாளும் தவறாமல், ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். எந்த ஊரில் எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, குழந்தைக்குரிய மருந்து எத்தனை நாளாகக் கிடைக்கவில்லை என்பவற்றை வரிசையில் நிற்பவரே அறிவார். அவர் சொல் பிரதிநிதியின் செவியை எட்டாவிடில், சபையில் நிகழ்த்தும் சொற்பொழிவு எவ்வளவு இனிதாயினும் பயனில்லை.

ஆகவே, பிரதிநிதியாகச் செல்பவரிடம் நாம் எதிர்பார்க்கவேண்டியவை சிலவே. புறப்படுமுன் தம் மக்களைக் கேட்டறிந்து செல்லவேண்டும். திரும்பியபின், தாம் பேசியது என்ன, பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை அவர்கள் அறிந்த மொழியில் எழுதிச் சொல்லவேண்டும். குறித்த காலம் முடிந்ததும் வேறொருவர்க்கு வழிவிடவேண்டும். அனுப்புவோர்க்கும் கடமையுண்டு. ஆங்கிலம் அறியாதவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்காமல், அவருக்கு மொழிபெயர்ப்பாளரைத் துணையாகத் தரவேண்டும். தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. வெளியிட்டு முன்வந்தவர் ஊர் திரும்பும்போது அவருடைய வேலைக்கும் வீட்டுக்கும் ஊறு நேராமல் காக்கவேண்டும்.

2025இல் வெளிவந்த ஐக்கிய நாட்டுச் சீர்திருத்த அறிக்கை, யு.என்.எய்ட்ஸை 2026 முடிவில் கலைத்து அதன் பணிகளைப் பிற அமைப்புகளில் சேர்க்கும் யோசனையை முன்வைத்தது. ஸ்தாபனங்கள் தோன்றலாம், மறையலாம். போராடிப் பெற்ற ஆசனமும் அவற்றோடு மறைந்துவிடலாகாது என்பதே கவலை. எந்த அமைப்பு இப்பணியை ஏற்பினும், பாதிக்கப்பட்டோர் தாமே தேர்ந்தனுப்பும் ஒருவர்க்கு அங்கே இடமிருக்க வேண்டும். அவரும் அனுப்பியவர்க்குக் கணக்குச் சொல்லவேண்டும்.

அயல் மண்ணில் குடியேறி வாழும் நமக்காகவும் பல சபைகளில் பலர் பேசுகின்றனர். அவர்களை அனுப்பியது யார், அவர்கள் நமக்குத் திரும்ப வந்து சொன்னது என்ன என்று கேட்கும் பழக்கத்தை நாமும் கைக்கொள்வோமாக. கேட்பார் இருந்தால்தான் கணக்குச் சொல்வாரும் இருப்பர்.